மூன்று வருடமாகத் தரையில் கிடக்கும் செங்ஙால் படகு: நீரில் இறக்குவதா, ஃபைபர் போர்த்துவதா?

#1 | பாலிக்பூலாவ் பையன்

வணக்கம். பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், ஓர் ஆற்றுவாயில் கரையேற்றி வைத்திருக்கும் மரப்படகு ஒன்று விலைக்கு வருகிறது. விவரம் தருகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீளம் 28 அடி, அகலம் எட்டேகால். பலகை கனம் 28 மில்லிமீட்டர். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், செங்ஙால் என்ற மலேசியக் கடின மரத்தில் கட்டியது என்கிறார்கள். காகிதம் எதுவும் இல்லை. எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். மேலே போட்ட தார்ப்பாய் பாதி கிழிந்து தொங்குகிறது. பகலில் உள்ளே இறங்கி நின்றால் பலகைக்குப் பலகை கோடு கோடாக வெளிச்சம் தெரிகிறது. அகலமான இடத்தில் ஐம்பது சென் காசு நுழைகிறது.

விற்பவர் சொல்வது: வெளியே ஃபைபர் (ரெசின் தோய்த்த கண்ணாடியிழை) போர்த்தினால் இருபது வருடத்துக்குத் தொல்லை இல்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் சொல்வது: இடைவெளி முழுக்க எப்பாக்சி புட்டி அடை. எதைச் செய்ய?

#2 | ஓடாவி வீட்டார் (பட்டர்வொர்த்)

தம்பி, இரண்டுமே படகைக் கொல்லும் வழி. புட்டி சீக்கிரம் கொல்லும், ஃபைபர் கொஞ்சம் மெதுவாகக் கொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிச்சம் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மரம் காய்ந்திருக்கிறது. 200 மில்லிமீட்டர் அகலப் பலகை ஒரு சதவீதம் சுருங்கினாலே 2 மில்லிமீட்டர் இடைவெளி விழும். நீர் குடித்தால் அதே 2 மில்லிமீட்டர் திரும்ப வரும். அந்த இடத்தில் இறுகிப்போன புட்டி உட்கார்ந்திருந்தால் பலகை எங்கே போகும்? புட்டி நசுங்காது. பலகை, வங்கிலிருந்து (உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டம்) ஆணியை இழுக்கும், இல்லாவிட்டால் வங்கையே பிளக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பலகை என்றால் பதினைந்து இடைவெளியும் சேர்ந்து எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விலை பேசுமுன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: இது எந்த முறைப் பட்டறையில் கட்டியது? மலாய் முறையா, சீன முறையா, வெள்ளைக்காரன் காலத்து லாஞ்சு முறையா? பார்க்க மூன்றும் ஒன்றுபோல இருக்கும். வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நல்ல படகும் கெடும்.

#3 | பாலிக்பூலாவ் பையன்

எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே? வெளியே ஏழெட்டுக் கோட்டு பெயிண்ட்.

#4 | ஓடாவி வீட்டார் (பட்டர்வொர்த்)

வெளியே பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். கையில் டார்ச், ஒரு மெல்லிய கத்தி போதும்.

இடைவெளிக்குள் பஞ்சுத் திரியோ சணலோ வந்தால், வெளிப்பக்கம் அகன்றும் உள்பக்கம் மரத்தோடு மரம் முட்டியும் ஆப்பு வடிவில் இருந்தால், அது வங்கை முதலில் நிறுத்திப் பிறகு பலகை அடித்த லாஞ்சு முறை. கலப்பத்து (இடைவெளியில் பஞ்சைத் திணித்து இறுக்கும் வேலை) அடித்தே நீரை நிறுத்தியிருப்பார்கள்.

வெள்ளையாக, கல் மாதிரி, நகத்தால் கீறினால் மாவாகாத பொருள் வந்தால் சீனப் பட்டறை. சுண்ணாம்பும் டங் என்ற சீன மரக்கொட்டை எண்ணெயும் சேர்த்து இடித்த காரை அது. பலகை விளிம்பில் சாய்வாக அடித்த இரும்பாணிகளின் தலைக்குழியையும் அதே காரையால் மூடியிருப்பார்கள். உள்ளே இரண்டு மூன்று குறுக்குத் தடுப்புச் சுவர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தக் காரைக்குக் கப்பல்காரர்கள் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்ட பெயர் ‘சுனாம்’. நம் சுண்ணாம்புதான். சீனர் வேலை, தமிழ்ப் பெயர், வெள்ளைக்காரன் உச்சரிப்பு!

காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி பழுப்பாக, ஏடு ஏடாகப் பிரியும் மெல்லிய பட்டை வந்தால் அது கெலாம் மரப்பட்டை. அப்படியானால் உங்கள் படகு கிழக்குக் கரைத் திரங்கானு மாநிலத்து வழி. பலகை விளிம்பு எங்காவது தேய்ந்திருந்தால், பலகைக்குள்ளேயே செங்குத்தாக இறங்கும் மரக்குச்சி ஆணி கண்ணில் படும். வங்குகளும் ஒரே அளவாக இருக்காது. உடல் முடிந்த பிறகு அந்தந்த இடத்துக்குச் செதுக்கிப் பொருத்தியவை.

#5 | பாலிக்பூலாவ் பையன்

பார்த்தேன். பழுப்புப் பட்டைதான். விரலில் உதிர்கிறது. பின்பலகைப் பக்கம் ஒரு விளிம்பில் வட்டமான குச்சி முனை தெரிகிறது, என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் கனம்.

#6 | துயோங் தாசன் (ஜார்ஜ்டவுன்)

அப்படியானால் பூலாவ் துயோங், இல்லாவிட்டால் அந்த வழி வந்த ஆள் கட்டியது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைப் புரிந்துகொள்ளாமல் உளியைக் கையில் எடுக்கக் கூடாது.

துயோங் என்பது கோலத் திரங்கானு ஆற்றுவாயில் இருக்கும் தீவு. பீனாஸ், பெடார் என்ற பெரிய பாய்க்கப்பல்கள் அங்கேதான் பிறந்தன. உடல் மலாய், பாய் சீனக் கப்பல் பாய்: மூங்கில் குறுக்குச் சட்டம் போட்டு விசிறி மாதிரி மடங்கும். 2000களில் அங்கே கட்டிய ‘நாகா பெலாங்கி’ என்ற பீனாஸும் இதே வழிதான். வரைபடம் கிடையாது. ஏராக்கட்டை (அடியில் நெடுக ஓடும் முதுகுக்கட்டை), முன்கட்டை, பின்கட்டை மூன்றையும் நிறுத்துவார்கள். அப்புறம் நேராகப் பலகை. வங்கு கடைசியில்தான்.

பலகையைத் தீயில் வாட்டி வளைப்பார்கள். ஒரு முனையை அசையாமல் பிணைத்து, மறுமுனையில் பாரம் தொங்கவிட்டு, அடியில் தீ. எரிந்துவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வளைந்த பலகையைக் கீழ்ப்பலகையின் மேல் வைத்து, பட்டு உட்கார்கிறதா என்று பார்த்துப் பார்த்து இழைப்பார்கள். நேரத்தைத் தின்பது இந்த இழைப்புதான். பிறகு இரண்டு விளிம்பிலும் எதிரெதிரே துளை. துளைக்குள் பெனாகா மரக்குச்சி. பெனாகா என்பது நம் ஊர் நாங்கு மரம், ஆணியே வளையும் மரம். மூடுவதற்கு முன் விளிம்பு நெடுக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் கெலாம் பட்டை. மேலே பெரிய சம்மட்டியால் அடித்து இறுக்குவார்கள். பட்டை நசுங்கும், நீர் பட்டால் உப்பும். அதுதான் நீர்த்தடை. கலப்பத்து என்ற வேலையே இந்த உடலில் இல்லை.

உங்களுக்குக் காரியம் இதுதான்: இந்த இடைவெளியில் பஞ்சைத் திணித்துக் கொட்டாப்புளியால் அடிக்காதீர்கள். லாஞ்சுப் படகில் பலகையை வங்கு பிடித்திருக்கிறது. பஞ்சு அடித்தால் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி உடல் இறுகும். இங்கே பலகையைப் பலகை பிடித்திருக்கிறது. பஞ்சு ஆப்பாக மாறி இரண்டையும் பிரிக்கும். நடுவில் இருக்கும் குச்சி முறியும். வெளியே எதுவும் தெரியாது. முதல் அலையில் பலகை தனித்தனியாக அசைய ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். துயோங் படகுகள் பல இப்படித்தான் போயின, தெரியாத ஆசாரி கையில்.

#7 | கெப்போங் மரம்

செங்ஙால் என்பதை யார் உறுதி செய்தது? கடந்த சில பத்தாண்டுகளில் கட்டிய படகில் கலப்பு மரம் நிறைய. நீருக்கடியில் செங்ஙால், மேலே பாலாவ் என்ற வேறு மரம், தட்டில் (மேல்தளத்தில்) கைக்குக் கிடைத்த மரம்.

(‘செங்கல்’ என்று எழுதித் தேடாதீர்கள், வீடு கட்டுகிறவர்கள்தான் வருவார்கள்.)

நல்ல செங்ஙால் காற்றில் காய்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ. புதிதாக இழைத்தால் பச்சை சாயல் ஓடும் மஞ்சள் பழுப்பு, நாள்பட்டால் கருத்த பழுப்பு. ஊசி குத்தியது மாதிரி சின்னச் சின்னத் துளை இருப்பது அந்த மரத்தின் வழக்கம். மரம் காட்டில் நிற்கும்போதே வண்டு போட்டது, அந்த வண்டு என்றைக்கோ போய்விட்டது. அதைக் கப்பல் புழு என்று சொல்லி விலையைக் குறைக்கலாம், ஆனால் அது புழு இல்லை.

சந்தேகம் இருந்தால் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் மரத்துண்டைக் கொடுத்து இனம் கேட்கலாம். பெயிண்ட் படாத, உளுக்காத துண்டு வேண்டும். வங்கின் மேல்முனையில் எடுத்தால் படகுக்குக் கெடுதல் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: செங்ஙாலின் வைரம், அதாவது கெட்டியான நடுமரம்தான் நீடிக்கும். வெளிறிய ஓரமரம் சாதாரண மரம் மாதிரியே உளுக்கும். பலகையில் ஓர் ஓரம் மட்டும் மெத்தென்று இருந்தால் காரணம் அதுதான். பலகை முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம்.

#8 | மெரினா மணியம்

எல்லாரும் ஃபைபரைத் திட்டுகிறீர்கள். தாய்லாந்து எல்லை வரை எத்தனை மீன்பிடிப் படகு ஃபைபர் போர்த்தி ஓடுகிறது! செலவு குறைவு, வருடா வருடம் கரையேற்ற வேண்டாம், அடியில் ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டுவதும் சுலபம். பழைய முறைதான் வேண்டும் என்றால் பட்டறைக்கு எங்கே போவது?

#9 | ஓடாவி வீட்டார் (பட்டர்வொர்த்)

ஓடுகிறது, மறுக்கவில்லை. எத்தனை வருடம் ஓடுகிறது, அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

பாலியஸ்டர் ரெசின் கனமான, எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் ஒட்டாது. ஒட்டியது மாதிரி இருக்கும். மரம் நீர் குடித்து அசையும்போது ஓரத்திலிருந்து பிரியும். எப்பாக்சி இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதற்கு மரத்தின் ஈரம் 15 சதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் திறந்த இடத்தில் கிடக்கும் மரம் ஏறக்குறைய அந்த அளவோடு நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. சரி, எப்படியோ காயவைத்துப் போர்த்தினீர்கள். உள்ளே மழைநீர் இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வழி இல்லை. மரம் உப்பும், மேலே இருக்கும் தோல் உப்பாது. ஆணித்தலை ஒவ்வொன்றும் கொப்புளமாக எழும். எங்காவது ஒரு கீறல் விழுந்தால் கப்பல் புழு உள்ளே நுழையும், தோலுக்கும் மரத்துக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் சாப்பிடும்.

அதைவிடப் பெரிய கெடுதல்: பலகையைப் பார்க்க முடியாது, தட்ட முடியாது, தனிப்பலகையை மாற்ற முடியாது. மரப்படகு நூறு வருடம் வாழ்வதே பலகை பலகையாக மாற்ற முடிவதால்தான். அந்த வழியை அடைத்துவிட்டால் அப்புறம் ஒரே கழிவு, அதுவும் எரிக்க முடியாத கழிவு.

#10 | மெரினா மணியம்

சரி ஐயா. ஆனால் மெல்லிய மர ஏடுகளை எப்பாக்சியில் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு ஒட்டி மூடுகிறார்களே, அதுவும் தப்பா?

#11 | ஓடாவி வீட்டார் (பட்டர்வொர்த்)

அது வேறு சங்கதி. அதில் பழைய உடல் வெறும் அச்சு; பாரத்தைத் தாங்குவது வெளியே ஒட்டிய புது உடல். சுத்தமாகச் செய்தால் நிற்கும். செலவு புதுப்படகுக்கு அருகே வரும், பழைய படகு உள்ளே ஞாபகார்த்தமாக இருக்கும். தட்டின் மேலும் கேபின் கூரை மேலும் பிளைவுட்டுக்கு ஃபைபர் போர்த்துவதை நான் எதிர்க்கவே இல்லை. மழைநீர் உள்ளே இறங்காமல் அதுதான் காக்கும்.

#12 | பாலிக்பூலாவ் பையன்

அப்படியானால் இப்போது நான் செய்ய வேண்டியது என்ன? வரிசையாகச் சொல்லுங்கள்.

#13 | துயோங் தாசன் (ஜார்ஜ்டவுன்)

முதலில் நூல் பிடியுங்கள். முன்கட்டை அடியிலிருந்து பின்கட்டை அடிவரை ஏராக்கட்டையின் கீழ்விளிம்பை ஒட்டி மீன்பிடி நைலான் நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். 28 அடிக்கு ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் வயதான முதுகு, பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் குச்சிகள் முறிந்திருக்கலாம். கரையில் எப்படித் தாங்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இரண்டே கட்டை மேல் உட்கார்ந்திருந்தால் அந்த வளைவைப் போட்டதே அந்தக் கட்டைகள்தான். நாலு நாலரை அடிக்கு ஒரு கட்டை ஏராவுக்கு அடியில் வேண்டும். பக்கத்து முட்டு வங்கு இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும், வெறும் பலகையில் அல்ல.

அடுத்து குத்தூசி. பெயிண்டைக் கெடுக்கிறோமே என்று கூச்சப்படாமல் குத்துங்கள். குத்த வேண்டிய இடம்: தட்டும் பக்கப்பலகையும் சேரும் ஓரம், முன்கட்டையிலும் பின்பலகையிலும் முடியும் பலகை நுனி, வங்குகளின் தலை, எஞ்சின் உட்கார்ந்த கட்டை, பிறகு ஏராவை ஒட்டிய முதல் பலகை. மரச்சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும். உளுத்தது ‘தொப்’பென்று சொல்லும்.

கவனியுங்கள், நான் சொன்ன இடங்களில் பாதி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கின்றன. கடல் நீர் மரத்தை உளுக்கவைப்பதில்லை, மழைநீர்தான். மரத்தை உளுக்கவைக்கும் காளானுக்கு 20 சதத்துக்கு மேல் ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், உப்பு வேண்டாம். தட்டுக்கு அடியில் தேங்கும் மழைநீர் இந்த மூன்றையும் கொடுக்கிறது. உங்கள் கிழிந்த தார்ப்பாய் மூன்று வருடமாக இதைத்தான் செய்திருக்கிறது. புதுத் தார்ப்பாயைப் படகோடு இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், அது இன்னும் மோசம், உள்ளே ஆவி கட்டும். நடுவில் ஒரு மூங்கிலை ஓட்டிக் கூடாரம் மாதிரி, இரண்டு முனையும் காற்றாடத் திறந்து.

#14 | ஓடாவி வீட்டார் (பட்டர்வொர்த்)

குத்தூசியில் தப்பித்தால் அப்புறம் நீர் காட்டும் வேலை.

அடியில் கிடக்கும் சேற்றையும் மழைநீரையும் வழித்து எடுத்து, அடைப்பான் ஓட்டையைத் திறந்து வையுங்கள். கோணிச்சாக்குகளை உள்பக்கம் பலகை மேல் விரியுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை கடல்நீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அது இன்னொரு மழைதான். வெளிப்பக்கம் வெயில் படாமல் மறைப்பு. ஏழு முதல் பத்து நாள். ஐம்பது சென் நுழைந்த இடத்தில் கத்தி நுனி நுழையாத நிலை வந்தால் பாதி வெற்றி.

சிலர் அவசரப்பட்டுப் படகுக்குள் நீரை நிரப்புவார்கள். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன். 7 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு முழங்கால் அளவு, ஒரு 40 சென்டிமீட்டர் நிரப்பினால் நாலு டன் சுமை, அதுவும் உள்ளிருந்து வெளியே தள்ளும் சுமை. படகு வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்குக் கட்டியது. முட்டுக்கட்டை மேல் நிற்கும்போது உள்ளே நாலு டன் என்றால் குச்சிகள் போய்விடும்.

பட்டை முழுக்க உதிர்ந்துபோன இடத்தில் புதுப்பட்டைக் கீற்றையோ மெல்லிய பஞ்சையோ கத்தி முதுகால் வைக்கலாம், அடிக்கக் கூடாது. மேலே இறுகாத பசை. குங்கிலியத்தைத் தூளாக்கி எண்ணெயில் இளக்கிய ‘காலா காலா’ பழைய வழி. எண்ணெயைக் கூட்டி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் நிறுத்துங்கள். ரொட்டி சானாய் (பரோட்டா) மாவு பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைத்தால் கண்ணாடி மாதிரி உடையும். காய்ச்சுவது படகை விட்டுத் தள்ளி, மூடி பக்கத்தில் வைத்துக்கொண்டு. பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியைப் போடுங்கள். தடவும்போது பலகை மட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே நிறுத்த வேண்டும். பலகை உப்பும்போது பசை வெளியே பிதுங்கும்.

#15 | செந்தூல் கோகிலா

பலகை மாற்ற வேண்டியிருந்தால்? புது செங்ஙால் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. மரக்கடையில் டன் கணக்கு, எடை அல்ல, ஒரு டன் 50 கன அடி. பழைய வீடு பிரித்த தூணும் உத்தரமும் கெடா, பேராக் பக்கம் கிடைக்கிறது. அதை அறுத்துப் போடலாமா?

#16 | கெப்போங் மரம்

வங்குக்கும் தட்டின் குறுக்குச் சட்டத்துக்கும் எஞ்சின் கட்டைக்கும் தாராளமாகப் போடலாம் அக்கா. புது மரத்தை விடவும் நல்லது, அசையாது. வளைக்க வேண்டிய பக்கப்பலகைக்கு வேண்டாம். ஐம்பது அறுபது வருடம் காய்ந்த செங்ஙால் தீயில் வாட்டினால் வளையாது, கீறும். வளைவுக்குப் பச்சை மரம்தான். நேரான பலகைக்குப் போடுவதாக இருந்தால் அதையும் நீரில் ஊறவைத்துப் போடுங்கள். காய்ந்த பலகையை ஈரப் பலகைகளுக்கு நடுவே இறுக்கமாகச் செருகினால் அது உப்பி இரண்டு பக்கத்தையும் தள்ளும். குச்சிக்கு நேர் எதிர்: நன்றாகக் காய்ந்த குச்சி, ஈரப் பலகை. குச்சி உப்பித் துளையில் கடித்துக்கொள்ளும்.

அறுக்கும் முன் உலோகம் தேடும் கருவி ஓட்டுங்கள். வீட்டுத் தூணில் படத்துக்கு அடித்த ஆணி ஒன்று போதும், வாள் பல் முழுக்கப் போகும்.

#17 | துயோங் தாசன் (ஜார்ஜ்டவுன்)

பலகை மாற்றுவதைப் பற்றி. துயோங் உடலில் நடுப்பலகையைக் கழற்றினால் மேலும் கீழும் குச்சியை அறுக்க வேண்டும். புதுப்பலகைக்குப் பழையபடி குச்சி நுழைக்க வழியில்லை, மேலே இருக்கும் பலகையைத் தூக்க முடியாதே. அதனால் அந்த இடத்தில் வங்கோடு ஆணியோ போல்ட்டோ போட்டுப் பிடிக்க வேண்டும். அங்கே வங்கு பலமில்லை என்றால் பக்கத்தில் துணை வங்கு ஒன்று. ஒரே நேரத்தில் அடுத்தடுத்த பலகைகளைக் கழற்றாதீர்கள். ஒன்று விட்டு ஒன்று. வடிவத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது வங்கு அல்ல, பலகைத் தோல்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பலகையோடு பலகை நீளவாக்கில் சேரும் சாய்வு மூட்டு கனத்துக்கு எட்டு மடங்கு. உங்கள் 28 மில்லிமீட்டருக்கு 224. மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரக் கூடாது. ஒரே வங்குச் சந்தில் இரண்டு மூட்டு வருமானால் நடுவில் மூன்று முழுப்பலகையாவது இருக்க வேண்டும்.

கழற்றும் முன் அளவெடுங்கள். இரண்டடிக்கு ஒரு குறுக்குவெட்டு, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மட்டக்கோலிலிருந்து உடல்வரை. கட்டியவரிடம் வரைபடம் கிடையாது என்றால் அந்தப் படகேதான் வரைபடம். கழற்றிய பலகையை எரிக்காமல் வையுங்கள், அச்சு அதுதான்.

#18 | பாராங் கடலோரம்

ஆணி விஷயம் யாரும் பேசவில்லை. பழுது பார்த்த பழைய படகில் நாலு வகை ஆணி இருக்கும்: முதலில் அடித்தது, பிறகு கடையில் கிடைத்த இரும்பு, பிறகு ஸ்டெயின்லெஸ், யாரோ ஒருவர் பித்தளை.

பித்தளை ஸ்குரு உப்பு நீரில் துத்தநாகத்தை இழந்து சிவந்து சோன்பப்டி மாதிரி உடையும். ஸ்டெயின்லெஸ் 316 நீருக்கு மேலே நன்று. நீருக்கடியில் ஈரமரத்துக்குள் காற்று படாத இடத்தில் தலை பளபளவென்று இருக்க, கழுத்து அரித்துப் போயிருக்கும். நீருக்கடியில் சிலிக்கான் வெண்கலம், இல்லாவிட்டால் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த கனத்த இரும்பு. மின்முலாம் பூசிய பளபள இரும்பு கூரைத் தகரத்துக்குத்தான். ஒரே இடத்தில் இரண்டு உலோகம் கலக்காதீர்கள். செங்ஙாலில் துளை போடாமல் அடிக்கவே முடியாது. ஆணி கனத்தில் 80-90 சதம் துளை, ஸ்குருவுக்குச் சோப்பு தடவுங்கள்.

மற்ற உலோகம் அரிக்காமல் இருக்க ஏராவில் துத்தநாகக் கட்டி மாட்டச் சொல்வார்கள். ஒன்று போதும். நாலைந்து மாட்டினால் பாதுகாப்பு அதிகமாகாது, மரம்தான் கெடும்: அளவுக்கு மீறிய மின்னோட்டம் உலோகத்தைச் சுற்றிக் காரத்தை உண்டாக்கி மரத்தை நாராகப் பிரித்துவிடும். ஆணியைச் சுற்றி வெள்ளைப் பூப்பும் நார் நாரான மரமும் தெரிந்தால் இதுதான்.

#19 | மெரினா மணியம்

கப்பல் புழு பற்றி. ‘காப்பாங்’ என்று மலாய்க்காரர் சொல்வது. நுழையும் துளை ஒரு மில்லிமீட்டர்தான், உள்ளே விரல் கனத்துக்கு வளர்ந்து மரநார் வழியே ஓடும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தட்டித்தான். மூன்று வருடம் தரையில் இருந்ததால் இருந்த புழுவெல்லாம் செத்திருக்கும், அந்த விதத்தில் நல்லது. செங்ஙால் எதிர்த்து நிற்கும், ஆனால் முழுக் காப்பு இல்லை.

பெயிண்ட் முதலில் தேய்வது ஏராவின் அடிவிளிம்பு, மணலில் உரசி. அங்கே ஓர் அங்குலப் பலகையைச் செருப்பு மாதிரி அடித்து, இடையில் தார் தோய்த்த கம்பளி வையுங்கள். புழு செருப்பைத் தின்னும், தாரில் நிற்கும். செருப்பை மாற்றினால் போதும்.

இரும்பாணிப் படகில் செப்புத் தகடு போர்த்தாதீர்கள், ஆணி கரைந்துவிடும். பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போது முகமூடி கட்டாயம்: அடிக்கோட்டில் ஈயச் செந்தூரம் இருக்கும், மேலே கொட்டலசு ஒட்டாமல் இருக்க அடித்த பழைய தகர நஞ்சுப் பெயிண்ட் இருக்கலாம். 2008 செப்டம்பரில் அந்தப் பெயிண்ட்டுக்கு எதிரான உலக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, ஆனால் பழைய கோட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஈரமாக வைத்துத் தேயுங்கள், காய்ந்த தூளைக் கிளப்பாதீர்கள்.

#20 | செந்தூல் கோகிலா

குறுக்கே ஒரு கேள்வி. நம் பக்கத்துத் தோணி, வத்தை எல்லாம் இதில் எந்த முறை? பினாங்குச் சூலியாத் தெருவில் தொழில் செய்த தமிழ் முஸ்லிம்களின் தொங்கான்கள்?

#21 | ஓடாவி வீட்டார் (பட்டர்வொர்த்)

தூத்துக்குடித் தோணி கலப்பத்து அடித்த உடல். வங்குக்கு இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடி எடுப்பார்கள், நார் அறுபடாமல் வளைவோடு ஓடும். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றும் தோணிகள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கட்டிப் போடப்படும், அந்த ஓய்வில்தான் கலப்பத்து வேலை. ஓடாவி என்பதே கப்பல் தச்சருக்கான சொல்.

வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போய்ச் சேர்ந்தது. நம் பட்டறை உடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதுவே போதும்.

தொங்கான் பெரும்பாலும் சரக்கு இறக்கும் தட்டையான உடல், சீனப் பட்டறை வேலை. உடைமை தமிழ் முஸ்லிம்களிடம் இருந்ததாலேயே கட்டுமுறையும் நம்முடையது என்று சொல்லிவிட முடியாது. மேலே பேசினால் இழை திசைமாறும், தனி இழை போடுங்கள் அம்மா.

#22 | துயோங் தாசன் (ஜார்ஜ்டவுன்)

பட்டறை எங்கே என்று மணியம் கேட்டார். துயோங்கில் மிஞ்சியிருப்பது சில கைகள்தான். 2005 முதல் மான்சூன் கோப்பைப் படகுப் போட்டி அந்தத் தீவில்தான் நடந்தது. போட்டிப் படகு முழுக்க ஃபைபர். மேற்குக் கரையில் பங்கோர், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் மரவேலை தெரிந்த சீனப் பட்டறைகளைப் பார்க்கலாம். உடலைக் கரையேற்ற, போல்ட் மாற்ற, பெயிண்ட் அடிக்கப் போகலாம். குச்சி வேலைக்கு அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அவர்கள் பழகிய முறை வேறு. கோலத் திரங்கானுவிலிருந்து ஒரு துக்காங்கை (மலாய்த் தச்சரை) ஒரு வாரத்துக்கு அழைத்துவருவது, 28 அடிப் படகை லோரியில் கெரிக்–ஜெலி மலைச்சாலை வழியே ஏற்றிப் போவதைவிட மலிவு. வரும்போது கெலாம் பட்டையும் பெனாகாக் குச்சியும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தில் பொருள்களையும் பதிய வழி இருக்கிறது. பதிவதால் பலகை உளுக்காமல் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

#23 | பாலிக்பூலாவ் பையன்

நூல் பிடித்தேன். நடுவில் 19 மில்லிமீட்டர் மேலே தூக்கியிருக்கிறது. முட்டுக்கட்டை மூன்றுதான். குத்தூசி: பின்பலகையின் மேல் ஓரம் ஒரு முழம் மெத்தென்று போகிறது, எஞ்சின் கட்டை இடதுபக்கம் முழுக்கப் போய்விட்டது, ஏழு வங்குத் தலை. நீர்மட்டத்துக்குக் கீழே எங்கும் ஊசி இறங்கவில்லை. எப்போது இறக்கலாம்?

#24 | ஓடாவி வீட்டார் (பட்டர்வொர்த்)

நல்ல உடல். சொன்ன பழுதெல்லாம் கரையிலேயே செய்யக் கூடியவை, எஞ்சின் கட்டையைப் பழைய வீட்டுச் செங்ஙாலில் போடுங்கள். முட்டுக்கட்டையை இன்றைக்கே ஆறாக்குங்கள். ஆனால் 19 மில்லிமீட்டரை நிமிர்த்தலாம் என்று ஜாக் வைத்து நடுவை இழுத்துவிடாதீர்கள். நீரில் இறங்கி ஒரு மாதம் போனால் தானாகக் கொஞ்சம் படியும், படிந்தது போதும்.

பினாங்கில் சனவரி, பிப்ரவரி காய்ந்த மாதம்; மரவேலையும் பெயிண்ட்டும் அப்போது. நீர் காட்டுவதை மார்ச்சில் தொடங்கி, அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு அடுத்த பெரிய ஏற்றத்தில் இறக்குங்கள். ஆழத்துக்குப் போகாதீர்கள், நீர் வற்றினால் சேற்றில் உட்காரும் இடத்தில் கட்டுங்கள், நிரம்பினாலும் மூழ்காது. பம்பு இரண்டு, ஒன்று பேட்டரி, ஒன்று தனி எஞ்சின், இரண்டுக்கும் வடிகட்டி. முதல் இரவு ஆள் படகிலேயே இருக்க வேண்டும்.

கசிவு நிற்காத இடத்தில் சலித்த மரத்தூளை ஒரு டின்னில் நிரப்பி, நீண்ட கோலில் கட்டி, நீருக்கடியில் அந்த இடைவெளிக்கு நேரே கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே இழுக்கும் நீரே தூளைக் கொண்டுபோய் அடைக்கும். இரண்டு மூன்று நாளில் பம்பு ஓடும் நேரம் பாதிக்குப் பாதி குறைய வேண்டும். ஒரு வாரமாகியும் குறையாவிட்டால் கசிவு இடைவெளியில் இல்லை. சுக்கான் தண்டு, புரொப்பெல்லர் தண்டு, பழைய போல்ட் துளை, இந்த மூன்றைப் பாருங்கள்.

#25 | பாராங் கடலோரம்

எஞ்சின் கழற்றிய படகு. கடல்நீர் உள்ளே வரும் பழைய குழாய்த் துளையை அடைத்துவிட்டார்களா என்று இறக்கும் முன் பார்த்துவிடுங்கள் தம்பி.

#26 | பாலிக்பூலாவ் பையன்

பார்த்தேன். துணியைச் சுருட்டி அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.